அவரை வரவழைத்த திருட்டுக் கேசட்

காதலுக்காகத் திருடியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். திருட்டைப் பிடிக்க வருகிறவர் வர வேண்டும் என்பதற்காகவே திருடியவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய வயதில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங்கில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வரும் கடை வரிசையில், சீனர் ஒருவரின் இரும்புச் சாமான் கடைக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் துரைசாமி அங்கிளின் வீடியோ கடை இருந்தது. அங்கிள் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் நூறு பேருக்குப் பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல். "விமலா, ஒரு பேனா குடு" என்று அவர் கேட்டால் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் புரட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

அந்த விமலா நான்தான். வயது இருபத்து மூன்று. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். என்னிடம் எண்ணெய் வழியும் சடை ஒன்றும், சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றும், எந்தப் படத்தில் யார் எத்தனையாவது நிமிஷத்தில் அழுவார்கள் என்று சொல்லும் ஞாபக சக்தியும் இருந்தன. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வீடியோ கடையில்தான் வேலை பார்க்க முடியும். எஸ்டேட் அக்காமார்கள் படத்தின் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "விமலா, இன்னைக்கு நல்லா அழுவுற மாதிரி ஒண்ணு குடு" என்பார்கள். நான் எடுத்துக் கொடுத்த படத்துக்கு அழாமல் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை.

அருள் முதல் தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை. தலைநகரத்திலிருந்து வரும் பதினோரு மணி ரயிலில் இறங்கி நேராக எங்கள் கடைக்கு வந்தார். நீளக் கைச் சட்டை, கழுத்தில் டை. அந்த நாளில் புலாவ் செபாங்கில் டை கட்டி நடந்தவர்கள் இரண்டே வகை. இன்சூரன்ஸ் விற்க வந்தவர், இல்லையென்றால் கல்யாண மாப்பிள்ளை. (இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்று அந்த நிமிஷமே தோன்றியது.)

"கே.எல்.லேர்ந்து வர்றேன் அங்கிள். ஒங்களுக்குப் படம் சப்ளை பண்ற கம்பெனி. பேரு அருள்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது கிளேபாங்ல ரோட்டோர ஸ்டால்ல வாங்குனது. திருட்டுக் காப்பி. ஒங்க கடையிலேர்ந்துதான் போயிருக்கு."

அங்கிளின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்னாது, என் கடையா? யோவ், இந்த மாதிரி கேசட்டு இந்த நாட்டுல ஆயிரம் இருக்கும். இதுல என்னா என் பேரா எழுதிருக்கு?"

"எழுதிருக்கு அங்கிள்" என்றார் அருள், கொஞ்சமும் சத்தம் கூட்டாமல்.

கடையில் இரண்டு வீடியோ மெஷின்கள் இருந்தன. ஒன்றில் அந்தக் கேசட்டைப் போட்டார். ஓட விட்டு, ஒரு இடத்தில் நிறுத்தினார். திரையில் கதாநாயகன் பாதி அழுகையில் நடுங்கிக்கொண்டு நின்றான். "மூஞ்சியப் பாக்காதீங்க. மூலையப் பாருங்க" என்றார் அருள். மேலே இடது மூலையில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

"தூசி" என்றார் அங்கிள்.

"தூசி இல்ல அங்கிள். கம்ப்யூட்டர்ல நாங்க வெச்சது. ஒவ்வொரு படத்துலயும் மூணு எடத்துல இந்தப் புள்ளி கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துட்டுப் போவும். எந்த எடத்துல எந்த மூலைங்கறது படத்துக்குப் படம், கடைக்குக் கடை மாறும். ஆளுக்கு ஒரு கைரேகை இருக்குல்ல, அது மாதிரி. காப்பியிலேர்ந்து காப்பி, அதுலேர்ந்து இன்னொரு காப்பின்னு எடுத்தாக்கூட மூஞ்சி மங்கிப் போவும். புள்ளி போவாது."

இரண்டாவது புள்ளியையும் அவரே பிடித்தார். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கிளின் தோளுக்குப் பின்னாலிருந்து நான் கத்திவிட்டேன். "கீழ! வலது பக்கம்!"

அருள் படத்தை நிறுத்தினார். புள்ளி அங்கேதான் இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "என் கண்ணவிட ஒங்க கண்ணு நல்லாருக்கே. நீங்க எங்க ஆபீசுக்கே வேலைக்கு வரலாம் லா."

எஸ்டேட் முழுக்க என்னை சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். அந்தக் கண்ணை ஒருவர் நல்ல கண் என்று சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அத்தோடு என் கதை முடிந்தது.

கேசட் யார் யாரிடம் போனது என்ற நோட்டைப் புரட்டியதும் ஆள் அகப்பட்டுக்கொண்டார். வீட்டில் இரண்டு மெஷின் வைத்திருந்த ஒரு பக்கத்து ஊர்க்காரர், தம்பினைச் சேர்ந்தவர். அங்கிள் அவருக்குப் போன் போட்டுக் கத்திய கத்தலுக்கு, போனே இல்லாமல் தம்பினுக்குக் கேட்டிருக்கும். அருள் ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அங்கிள் அதைக் கோபத்தோடு மேசை இழுப்பறையில் திணித்தார். நான் பிறகு அதைப் பல தடவை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. நான் பார்த்ததெல்லாம் கீழே இருந்த கையெழுத்தைத்தான். கடைசியில் ஒரு சின்னச் சுழி போட்டு நிறுத்தியிருந்தார். அந்தச் சுழியை என் நோட்டில் போட்டுப் பழகினேன். மேலே இருந்த வரிகளைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அவருடைய ரயில் மாலையில்தான். அதுவரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அங்கிள் சாப்பிடப் போய்விட்டார். நான் பக்கத்துக் கடையில் தே தாரிக் சொல்லி வைத்துவிட்டு, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தப் படம் ஒங்களுக்குப் புடிச்சிருந்துச்சா?" என்றேன்.

"எந்தப் படம்?"

"இப்ப பாத்தீங்களே."

அவர் காது சிவந்துவிட்டது. "நான் படம் பாக்குறதில்லங்க. மூலையத்தான் பாக்குறேன். ஒரு நாளைக்கு நாலு படம் ஓடும். ஒண்ணுலயும் கதை என்னான்னே தெரியாது. வீட்டுக்குப் போனா எங்கம்மா, 'இன்னைக்கு என்னா படம்டா பாத்த'ன்னு ஆசையாக் கேப்பாங்க. வலது மூலைல ஒரு படம், இடது மூலைல ஒரு படம்னா சொல்ல முடியும்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. பாயசக் கடையில் வேலை செய்கிறவன் பட்டினி கிடந்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். திருவிழாவில் காணாமல் போன தங்கை, அவளைத் தேடும் இரண்டு அண்ணன்கள், அதில் பெரியவன் வக்கீல். நான் கதை சொன்னால் சும்மா சொல்ல மாட்டேன். சண்டைக் காட்சிக்குத் துடைப்பத்தைக் கையில் எடுத்தேன். அம்மா சாகும் காட்சியில் நாற்காலியில் சாய்ந்தேன். அருள் டீயை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். அழ வேண்டிய இடத்தில் டையைச் சரி செய்தார்.

சாட்சிக் கூண்டில் நிற்கிற பெண் தன் தங்கைதான் என்று வக்கீல் கண்டுபிடிக்கப் போகிற இடம். ரயில்வே கேட்டில் மணி அடித்தது. அருள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடை வாசலில் ஒரு நொடி நின்று, திரும்பி, "முடிவு என்னாங்க?" என்று கேட்டார்.

"அடுத்த தடவ வர்றப்ப சொல்றேன்!" என்றேன். ('ரெண்டு பேரும் சேந்துருவாங்க' என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.)

மேசைமேல் அவர் கார்டு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். பெயர், அதன் கீழே போன் நம்பர், அதற்கும் கீழே 'திருட்டுக் கேசட் பற்றித் தகவல் தர இந்த எண்ணை அழைக்கவும்' என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சடித்திருந்தது. நான் அதைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரோஸ் கலர் பஞ்சாபி சூட் போட்டேன். தலையில் மல்லிகை வைத்தேன். பதினோரு மணி ரயில் வரும். ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் இறங்குவார்கள், முருங்கைக்காய்க் கட்டோடு பாட்டிமார்கள் இறங்குவார்கள், டை மட்டும் இறங்காது. "வீட்டுல ஏதும் விசேஷமா?" என்று அங்கிள் கேட்பார். "சாமி கும்பிட்டேன் அங்கிள்" என்பேன். அது பொய்யும் இல்லை. இரண்டு மாதம் விடாமல் கும்பிட்டேன்.

ரொம்ப யோசித்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. திருட்டு நடந்தால்தானே அவர் வருவார்? அங்கிள் போட்ட சத்தத்தில் புலாவ் செபாங் வட்டாரமே யோக்கியமாகிவிட்டது. எங்கள் கடையிலிருந்து ஒரு கேசட்கூடக் கசியவில்லை. ஊர் ஜனங்களின் நேர்மை என்னைப் போல் யாரையும் வாட்டியிருக்காது. கேசட் கொண்டுபோகிற ஒவ்வொருவரையும், இவராவது திருட மாட்டாரா என்று ஏக்கத்தோடு பார்த்தேன். ஒருவரும் உதவவில்லை. நானே இறங்க வேண்டியதாயிற்று.

மனசாட்சி இல்லாமல் இல்லை. என்ன நடக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். அருள் வருவார், அங்கிள் கத்துவார், யார் திருடினார்கள் என்று தெரியாமல் போகும், அருள் இன்னொரு கடிதம் எழுதுவார், ரயில் வரும்வரை டீ குடிப்பார், நான் முடிவைச் சொல்வேன். இதில் யாருக்கும் நஷ்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அங்கிள் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வர மூன்றரை ஆகிவிடும். அதற்குள் ஒரு படத்தை ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு இறக்கிவிடலாம். எந்தப் படம் என்று யோசித்தேன். அருளின் கம்பெனிக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாதே என்று, யாருமே எடுக்காத ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதை என் தோழி ஜெயந்தியிடம் கொடுத்தேன். அவள் மலாக்காவில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்தாள், கிளேபாங் பக்கம் வாடகைக்கு இருந்தாள்.

ஜெயந்தி மூன்றாம் நாள் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். "ஏய், அந்த ஸ்டால்கார அண்ணன் கேக்குறாரு, 'இந்தப் படத்தையெல்லாம் எவன் திருடுவான்?'னு. ஓசியாக் குடுத்தாலும் வேணாமாம்லா. வேற கொண்டான்னுட்டாரு. எனக்கு வெக்கமாப் போச்சுடி."

திருட்டுக்கும் ஒரு தரம் வேண்டியிருந்தது. அடுத்த தடவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த மாதம் வந்து ஓடு ஓடு என்று ஓடிக்கொண்டிருந்த புதுப் படத்தை இறக்கினேன். இறக்கிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. புள்ளி விழுந்திருக்குமா? மங்கிப் போயிருந்தால்? வேறு ஊர்க் கடையின் புள்ளி என்று நினைத்து அவர் ஜாசினுக்குப் போய்விட்டால்? காப்பியை மறுபடி போட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று புள்ளியையும் தேடிப் பிடித்தேன். ஒன்று மங்கலாகத் தெரிந்தது. மெஷினின் தலையைச் சுத்தம் செய்து, முழுப் படத்தையும் இன்னொரு நாள் மறுபடி இறக்கினேன். திருட்டுக் கேசட்டில் தன் அடையாளம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று சரிபார்த்து அனுப்பிய திருடி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூன்று புள்ளியின் இடமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, அருள் வந்தார்.

ரயிலிலிருந்து இறங்கி அவர் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வருவதைப் பார்த்ததும் மல்லிகை இருக்கிறதா என்று தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதே நீளக் கைச் சட்டை. டை மட்டும் வேறு. முகம் வாடியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் பாதிச் சிரிப்பு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அங்கிள், மறுபடி வந்துருச்சு" என்று கேசட்டை வைத்தார். "ஒங்க புள்ளி மாதிரிதான் தெரியுது. ஒங்க முன்னாடியே பாத்துருவோம். என் கண்ணு தப்பா இருந்தா நல்லது."

அங்கிள் வாயைத் திறப்பதற்குள் நான் மெஷினைப் போட்டுவிட்டேன். இரண்டு மாதமாகக் காத்திருந்த தருணம். என் நல்ல கண்ணை அவருக்குக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. படம் ஓடியது. "இதோ, மேல வலது பக்கம்!" என்றேன். அவர் நிறுத்தினார். இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியது. "கீழ இடது பக்கம்!" என்றேன். நிறுத்தினார். அதுவும் இருந்தது.

"பாத்தீங்களா, என் கடைப் பொண்ணோட கண்ண!" என்றார் அங்கிள். குற்றச்சாட்டையே மறந்து பெருமை வந்துவிட்டது அவருக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்தது மேல, வலது பக்கம்" என்றேன்.

அருளின் கை மெஷின்மேல் அப்படியே நின்றது. திரையில் இரண்டு பேர் சைக்கிளில் பாடிக்கொண்டு போனார்கள். மூலையில் ஒன்றும் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னும் வரலைங்க" என்றார் மெதுவாக.

சைக்கிள் ஒரு மரத்தைச் சுற்றியது. பாட்டின் இன்னொரு சரணமும் ஓடியது. அதன் பிறகு மேலே வலது பக்கம் புள்ளி வந்து போனது. அருள் அதை நிறுத்தக்கூட இல்லை.

"அலாமாக்! வர்றதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிருச்சு!" என்று அங்கிள் மேசையைத் தட்டினார். "கே.எல்.ல இருக்கா இப்பிடி ஒரு கண்ணு? இருங்க, டீ வாங்கியாறேன்." ஆனந்தத்தில் அவரே எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். மனுஷன் ஒரு நாளும் தன் டீயைத் தானே வாங்கியவர் இல்லை.

கடையில் நாங்கள் இருவரும்தான். பாட்டுச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அருள் அதை அணைத்தார்.

"ஏங்க?" என்று கேட்டார்.

நான் எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது இது மட்டும்தான். "அன்னைக்குக் கதை பாதியில நின்னுருச்சு. நீங்க வந்தாத்தானே முடிவு சொல்ல முடியும்?" என்றேன்.

அவர் கேசட்டை மெஷினிலிருந்து வெளியே எடுத்தார். "போன் பண்ணிருக்கலாமே. அதுக்குத்தானே கார்டு வெச்சிட்டுப் போனேன்."

"அது திருட்டப் பத்தித் தகவல் சொல்ற நம்பர்தானே?"

"கம்பெனில எல்லாருக்கும் அப்பிடித்தாங்க அடிச்சுக் குடுப்பாங்க. ஒங்களுக்காகத்தான் வெச்சேன். அங்கிளுக்குத்தான் ஆபீஸ் நம்பர் தெரியுமே."

இருபது வார்த்தை இருக்குமா அது? அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கில் அடைத்துக்கொண்டது. இரண்டு மாதமாகக் கைப்பையில் அந்த நம்பரை வைத்துக்கொண்டு நான் ரயிலைப் பார்த்திருக்கிறேன். கடை மேசைமேல் ஒரு போன் இருந்தது, அதைத் தினமும் துடைத்திருக்கிறேன்.

"முடிவு எனக்குத் தெரியும்" என்றார் அருள். "கே.எல். போனதும் அந்தப் படத்தப் போட்டுப் பாத்தேன். மூலையப் பாக்காம, முழுசா. எங்கம்மாவும் கூட ஒக்காந்து பாத்தாங்க."

"எப்பிடி இருந்துச்சு?"

"நீங்க சொன்னதுதான் நல்லாருந்துச்சு."

அதற்குமேல் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. அங்கிள் மூன்று பிளாஸ்டிக் பையில் டீயைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அருள் பையிலிருந்து நிரப்ப வேண்டிய பாரம் ஒன்றை எடுத்தார். முகம் மறுபடி வாடிவிட்டது. "அங்கிள், போன லெட்டர்லயே எழுதிருந்தேன். ரெண்டாவது தடவ வந்தா சப்ளைய நிறுத்திருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வாரத்துலேர்ந்து ஒங்களுக்குப் புதுப் படம் வராது."

அங்கிள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "புதுப் படம் இல்லாம என்னாத்த வாடகைக்கு விடுறது? கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்று மட்டும் சொன்னார். பெரட்டில் பெயர் கூப்பிட்ட குரல் இவ்வளவு சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷ எஸ்டேட் உழைப்பு அந்தக் கடை. சுழி போட்ட கையெழுத்துக்கு மேலே இருந்த வரிகளில் எழுதியிருந்தது இதுதான்.

நான் ஒப்புக்கொண்டால் இந்தக் கடையில் எனக்கு இடமிருக்காது. நான் இங்கே இல்லையென்றால், அருள் வந்தாலும் எனக்காக வர மாட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றால் கடை போய்விடும், அப்போதும் அவர் வர மாட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். அங்கிளையாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது.

"அங்கிள், நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"என்னாத்த?"

"காப்பி. நீங்க சாப்பிடப் போறப்ப. நான்தான் எடுத்துக் கிளேபாங்குக்கு அனுப்புனேன்."

அங்கிள் என்னையே பார்த்தார். "ஏன்?"

அவர் என் தலையில் இருந்த மல்லிகையைப் பார்த்தார். ரோஸ் கலர் பஞ்சாபி சூட்டைப் பார்த்தார். காது சிவந்துபோய்க் குனிந்துகொண்டிருந்த அருளைப் பார்த்தார். இரண்டு மாத வியாழக்கிழமைகளும் அவர் கண்ணில் வரிசையாக ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"அட கடவுளே" என்றார். "இந்த டைக்காகவா?"

அருள் பாரத்தில் எழுதினார். கடை ஊழியர் ஒருவரின் தவறு, ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், கடைக்கு இதில் பங்கில்லை. ஊழியரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். கடைசியில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சப்ளை நிற்கவில்லை. நான் என் குடையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிள் வாங்கி வந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கைப்பையில் கார்டு இருந்ததே, அப்புறமாவது போன் செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். நம்பரை அழுத்தி, கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிடுவேன். அங்கிளின் கடைக்கே உலை வைக்கப் பார்த்துவிட்டு, அருளை என் பெயரையும் மறைக்க வைத்துவிட்டு, எந்த முகத்தோடு அவரிடம் பேசுவது? அவர் என்னைத் தேடி வருவதாக இருந்தால் வரட்டும் என்று இருந்தேன். ஜெயந்தியோடு ஃபேக்டரியில் சேர்ந்தேன். அங்கே என்னை வைத்த இடம் தரப் பரிசோதனைப் பிரிவு. பூதக்கண்ணாடி வைத்துச் சில்லுகளில் புள்ளி தேடுகிற வேலை. (சிரிக்காதீர்கள்.) நாள் முழுக்கப் புள்ளி பார்த்தேன். புள்ளி வைத்தவர் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜேந்திரன், மலாக்காவில் தெங்கேராக்காரர், போஸ்ட் ஆபீசில் வேலை. நல்ல மனுஷர். பெண் பார்க்க வந்த அன்றே இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். பிறர் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது என்று நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணம் புலாவ் செபாங் கோயில் மண்டபத்தில் நடந்தது. துரைசாமி அங்கிளும் வந்திருந்தார். கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. பந்தியில் எங்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். பருப்பு ஊற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். புள்ளி வருவதற்கு முன்னால் நான் கண்டுபிடித்ததை நடித்தே காட்டினார். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. பந்தி முழுக்கச் சிரித்தது. அந்த உற்சாகத்தில், "அது மட்டுமா? அந்தப் பையன் மறுபடி வந்தான் தெரியுமா?" என்றார்.

"எப்ப அங்கிள்?" என்றேன்.

"நீ போயி நாலஞ்சு மாசம் இருக்கும். கேசட்டு இல்ல, லெட்டர் இல்ல, கழுத்துல டை கூட இல்ல. சும்மா வந்து நிக்கிறான். உள்ள எட்டி எட்டிப் பாக்குறான். 'அவுங்க இல்லீங்களா அங்கிள்'ங்குறான். எனக்கு வந்துச்சே கோவம்! என் கடைய மூட வெக்கப் பாத்துட்டு, அவுங்க இவுங்கன்னு விசாரிப்பு வேறயா? 'அதுக்குக் கல்யாணம் ஆயி ஜோகூருக்குப் போயிருச்சு'ன்னு ஒரே போடு போட்டேன்!"

மண்டபமே அதிர்ந்தது. ராஜேந்திரன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. நான் அவர் தலையில் தட்டினேன். தட்டிக்கொண்டே, "அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்னா, கொஞ்ச நேரம் நின்னான். 'நான் வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லிருங்க அங்கிள்'ன்னான். போயிட்டான். நான்தான் ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். பாத்தியா, இப்ப சரியா கல்யாணத்தன்னைக்குச் சொல்லிட்டேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் இருந்த சோற்றை விழுங்கத்தான் ரொம்ப நேரமானது. ஒரு காரணமும் இல்லாமல் வந்திருக்கிறார். திருட்டு இல்லாமல், புள்ளி இல்லாமல், எனக்காக வந்திருக்கிறார். நான் அப்போது ஜோகூரில் இல்லை. மலாக்காவில், ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து இது எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. ஒவ்வொரு கல்யாண நாளும் காலையில் கோப்பியைக் கையில் வாங்கும்போது ராஜேந்திரன் முகத்தை ரொம்பப் பணிவாக வைத்துக்கொண்டு, "அருள் சார் வாழ்த்துச் சொல்லச் சொன்னாருங்க" என்பார். பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே இதற்காகக் காத்திருந்து சிரிப்பார்கள். இப்போது மருமகளும் சேர்ந்துகொண்டாள். நான் என் பங்குக்குக் கையைக் கூப்பி, "ரொம்ப நன்றின்னு சொல்லிருங்க" என்பேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வருஷமும் தவறியதில்லை. வீடே சிரிக்கும். அந்த நன்றியை நான் ஒரு தடவைகூட விளையாட்டுக்குச் சொன்னதில்லை.